தோற்றுப்போன அடிமைக் கலகங்கள் சட்டத்தை மாற்றியது எப்படி?

கேள்வி இதுதான்: ஹைட்டியைத் தவிர, அடிமைகள் நடத்திய கலகங்கள் பெரும்பாலும் சில நாளிலோ சில வாரத்திலோ அடக்கப்பட்டுவிட்டன. அப்படியானால் அவற்றால் அரசியலில் என்ன மாறியது? அடிமை முறை ஒழிந்ததற்கு லண்டனிலும் பாரிஸிலும் இருந்த நல்ல மனிதர்கள்தானே காரணம்?

நிறைய மாறியது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே திசையில் மாறவில்லை. கலகத்துக்குப் பிறகு அடிமைகளின் நிலை என்ன ஆனது என்பதைப் போர்க்களத்தைவிட, அந்த ஊருக்குச் சட்டம் எழுதும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதே பெரும்பாலும் தீர்மானித்தது. சட்டம் எழுதுகிறவர்களே அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளாகவும் இருந்த இடத்தில் பிடி இன்னும் இறுகியது. முதலாளிகளுக்கு மேலே, கடலுக்கு அப்பால், கருத்து பிளவுபட்ட ஒரு நாடாளுமன்றம் இருந்த இடத்தில், தோற்ற கலகம்கூட விடுதலையைச் சீக்கிரம் கொண்டுவந்தது. இதைப் பார்க்க 1831 என்ற ஒரே ஆண்டு போதும். அந்த ஆண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு கலகம், பிரிட்டனின் ஜமைக்காவில் ஒரு கலகம். இரண்டும் தோற்றன. அடுத்த சில ஆண்டுகளில் இரண்டு நாடும் நேர் எதிர்த் திசையில் போயின.

முதலில் வர்ஜீனியா. 1831 ஆகஸ்ட் 21 இரவு, சவுத்தாம்ப்டன் என்ற மாவட்டத்தில், நாட் டர்னர் என்ற அடிமை சில தோழர்களோடு கிளம்பினார். எழுதப் படிக்கத் தெரிந்தவர், பிரசங்கம் செய்பவர், இது கடவுள் இட்ட வேலை என்று நம்பியவர். இரண்டு நாளுக்குள் ஏறக்குறைய 55 வெள்ளையர்கள் கொல்லப்பட்டார்கள், குழந்தைகள் உட்பட. படை வந்து கலகத்தை அடக்கியது. கலகத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத கறுப்பர்கள் பலரை வெள்ளைக் கும்பல்கள் கொன்று தீர்த்தன. இரண்டு மாதம் தலைமறைவாக இருந்த டர்னர் பிடிபட்டு, நவம்பர் 11-ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை அதிகம் பேர் கவனிப்பதில்லை. 1832 ஜனவரியில் வர்ஜீனியாவின் சட்டமன்றம், அடிமை முறையைப் படிப்படியாக ஒழித்துவிடலாமா என்று வெளிப்படையாக விவாதித்தது. அதற்கான திட்டத்தை முன்வைத்தவர் தாமஸ் ஜெஃபர்சனின் பேரன். மாநிலத்தின் மேற்குப் பகுதியில் அடிமைகள் குறைவு. அந்தப் பகுதி உறுப்பினர்கள் ஒழிப்பை ஆதரித்தார்கள். இவர்கள் கறுப்பர்கள்மேல் அன்பு கொண்டு பேசினார்கள் என்று நினைக்க வேண்டாம். விடுதலையானவர்களை நாடு கடத்த வேண்டும் என்பதும் அந்தத் திட்டத்தில் இருந்தது. இன்னொரு டர்னர் வருவான் என்ற பயம்தான் அவர்களைப் பேசவைத்தது. கடைசியில், சட்டம் கொண்டுவர இதுவே தருணம் என்ற தீர்மானம் 58-க்கு 73 என்ற கணக்கில் தோற்றது. எட்டுப் பேர் மனம் மாறியிருந்தால் அமெரிக்க வரலாறு வேறு பாதையில் போயிருக்கலாம்.

தீர்மானம் தோற்றதும் கதவு சாத்தப்பட்டது. கறுப்பர்கள் பிரசங்கம் செய்யத் தடை வந்தது. தெற்கு மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பது குற்றமானது. அதுவரை 'வேண்டாத ஒரு தீமை, என்ன செய்வது' என்று அடிமை முறையைப் பற்றி முனகிக்கொண்டிருந்த தெற்கத்தி அறிவாளிகள், அது நல்லது, கடவுளுக்கு உகந்தது என்றே வாதாடத் தொடங்கினார்கள். அடிமை முறைக்கு எதிரான மனுக்கள் வாஷிங்டனில் வந்து குவிந்தபோது, 1836 முதல் 1844 வரை பிரதிநிதிகள் சபை அவற்றை விவாதத்துக்கே எடுக்காமல் ஓரங்கட்டியது. அடிமைகளின் வாயை அடைக்கத் தொடங்கிய விதிகள் கடைசியில் சுதந்திரக் குடிமக்களின் மனு கொடுக்கும் உரிமையில் வந்து கை வைத்தன. அடிமை முறையைப் பற்றிக் கவலையே படாத வடக்கத்தி வெள்ளையர்கள் பலரை எரிச்சலூட்டியது இதுதான்.

இது தெற்குக்குப் புதிய பழக்கமும் இல்லை. 1739-இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் நடந்த கலகத்துக்கு, அடுத்த ஆண்டே மிகக் கடுமையான அடிமைச் சட்டத்தால் பதில் சொன்னார்கள். 1822-இல் அதே மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் டென்மார்க் வீசி என்ற சுதந்திரக் கறுப்பர் கலகத்துக்குத் திட்டமிட்டதாகக் குற்றம் சாட்டி 35 பேரைத் தூக்கிலிட்டார்கள். அப்புறம் ஒரு விசித்திரமான சட்டம் வந்தது: துறைமுகத்துக்கு வரும் எந்தக் கப்பலிலும் கறுப்பு மாலுமி இருந்தால், கப்பல் கிளம்பும்வரை அவர் சிறையில் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் கப்பலாக இருந்தாலும் இதே கதிதான். உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரே 1823-இல் இது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று சொன்னார். தென் கரோலினா காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் அடிமைகள் விஷயத்தில் மத்திய அரசுக்கு வேலை இல்லை என்ற பிடிவாதம் இப்படி ஒவ்வொரு கலக பயத்திலும் கெட்டிப்பட்டது. 1860-இல் கூட்டாட்சியை விட்டு முதலில் வெளியேறியதும் இதே தென் கரோலினாதான்.

சரி, பிரிட்டிஷ் பக்கம் வருவோம். ஜமைக்காவிலும் தோட்ட முதலாளிகளின் சட்டசபை ஒன்று இருந்தது. விட்டிருந்தால் அவர்களும் வர்ஜீனியாவைப் போலவே செய்திருப்பார்கள், செய்யவும் முயன்றார்கள். ஆனால் அவர்களுக்கு மேலே லண்டன் நாடாளுமன்றம் இருந்தது. அங்கே அடிமை முறை பற்றிய சண்டை ஓயாமல் நடந்தது. அந்தச் சண்டையின் செய்திகள் கப்பலேறி வந்தன. முதலாளிகள் சாப்பாட்டு மேசையில் திட்டித் தீர்த்ததை, பரிமாறிக்கொண்டிருந்த அடிமைகள் கேட்டார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் செய்தித்தாளைப் படித்து மற்றவர்களுக்குச் சொன்னார்கள். 'ராஜா விடுதலை கொடுத்துவிட்டார், இவர்கள்தான் மறைக்கிறார்கள்' என்ற பேச்சு தோட்டம் தோட்டமாகப் பரவியது. 1816-இல் பார்படோஸ், 1823-இல் டெமராரா, 1831-இல் ஜமைக்கா என்று மூன்று பெரிய கலகங்களுக்கும் பின்னால் இதே பேச்சு இருந்தது.

டெமராரா இன்றைய கயானாவின் ஒரு பகுதி. 1823-இல் லண்டன் அரசு அடிமைகளின் நிலையைக் கொஞ்சம் மேம்படுத்தச் சொல்லி, வயலில் சாட்டையைத் தடுக்கச் சொல்லி அறிவுறுத்தல் அனுப்பியது. காலனி அதிகாரிகள் அதை வெளியே சொல்லாமல் இழுத்தடித்தார்கள். ஆகஸ்ட் 18-ஆம் தேதி 'சக்சஸ்' என்ற தோட்டத்தில் தொடங்கிய கலகத்தில் 10,000-க்கும் மேற்பட்ட அடிமைகள் சேர்ந்தார்கள். தலைமை தாங்கியவர்களில் ஒருவர் ஜாக் கிளாட்ஸ்டன். அவருடைய தந்தை குவாமினா, மிஷனரி ஜான் ஸ்மித்தின் தேவாலயத்தில் பொறுப்பில் இருந்தவர், ரத்தம் சிந்த வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தவர். அத்தனை பேர் திரண்டும் வெள்ளையர்களில் இறந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். முதலாளிகளையும் மேலாளர்களையும் பிடித்து, அவர்கள் அடிமைகளைத் தண்டிக்கப் பயன்படுத்திய அதே கட்டைகளில் பூட்டி வைத்தார்கள். பதிலுக்கு அரசு நூற்றுக்கணக்கான அடிமைகளைக் கொன்றது. குவாமினாவைச் சுட்டு, உடலைச் சங்கிலியில் தொங்கவிட்டது.

லண்டனில் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது ஜான் ஸ்மித்தின் சாவு. கலகத்தைத் தூண்டியதாக அவருக்கு ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மன்னரின் கருணை ஆணை வந்து சேர்வதற்குள், 1824 பிப்ரவரியில், காசநோயால் சிறையிலேயே இறந்தார். நூற்றுக்கணக்கான கறுப்பர்கள் செத்தபோது அசையாத பிரிட்டிஷ் பொதுமக்கள் ஒரு வெள்ளைப் பாதிரியாருக்காக அசைந்தார்கள். இதைச் சொல்ல மனசு கசக்கிறது. ஆனால் தோட்ட முதலாளிகள் கிறிஸ்தவத்துக்கே எதிரிகள் என்ற எண்ணம் பக்திமான்களான நடுத்தர வர்க்க ஆங்கிலேயர்களின் மனதில் விழுந்தது இங்கேதான். அதன் பலன் எட்டு வருடம் கழித்துத் தெரிந்தது.

1831 கிறிஸ்துமஸ் முடிந்து டிசம்பர் 27 இரவு, ஜமைக்காவின் மேற்கில் கென்சிங்டன் தோட்டம் பற்றி எரிந்தது. தலைவர் சாமுவேல் ஷார்ப், பாப்டிஸ்ட் சபையின் டீக்கன் (சபைப் பொறுப்பாளர்), நல்ல பேச்சாளர். அவருடைய திட்டம் அடிப்படையில் ஒரு வேலைநிறுத்தம்: விடுமுறை முடிந்ததும் யாரும் கரும்பு வெட்டப் போகக் கூடாது, கூலி கொடுத்தால்தான் வேலை, அடித்தால் திருப்பி அடிப்போம். கரும்பு வெட்டும் பருவம் அது. வெட்டாவிட்டால் அந்த வருடப் பயிர் நாசம். நேரம் பார்த்து அடித்தார்கள். தீவின் ஏறத்தாழ 3 லட்சம் அடிமைகளில் 60,000 பேர் வரை கலகத்தில் கலந்துகொண்டதாகச் சொல்கிறார்கள். திட்டமிட்டது வேலைநிறுத்தம், நடந்தது தீவைப்பும் சண்டையும். கொல்லப்பட்ட வெள்ளையர்கள் 14 பேர். சண்டையில் இறந்த அடிமைகள் சுமார் 200 பேர். அவசர விசாரணைகளுக்குப் பிறகு தூக்கிலிட்டும் சுட்டும் கொல்லப்பட்டவர்கள் 300-க்கும் மேல். 1832 மே 23-ஆம் தேதி மாண்டிகோ பேயில் ஷார்ப் தூக்கிலிடப்பட்டார். அவருடைய எஜமானுக்கு, சொத்து போனதற்கு ஈடாக, 16 பவுண்டு 10 ஷில்லிங் கொடுத்தார்கள்.

அதற்கு மேல் ஜமைக்கா முதலாளிகள் தாங்களே குழி தோண்டிக்கொண்டார்கள். கோபத்தில் பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் தேவாலயங்களை இடித்துத் தள்ளினார்கள். மிஷனரிகளைக் கைது செய்தார்கள். அவர்களில் வில்லியம் நிப் என்பவர் இங்கிலாந்துக்குத் திரும்பி ஊர் ஊராகப் பேசினார். நாடாளுமன்றக் குழுக்கள் முன் சாட்சி சொன்னார். குழுக்களின் முன் வந்த கேள்வி, அடிமை முறை நியாயமா என்பதோடு நிற்கவில்லை. விடுதலை கொடுக்காவிட்டால் இந்தத் தீவை வைத்திருக்க முடியுமா, அடுத்த கலகத்துக்கு எத்தனை பட்டாளம் தேவைப்படும், செலவு யார் தலையில் என்பதும் கேட்கப்பட்டது. அறநெறி பேசியவர்களின் வாதம் 50 வருடமாகப் பேசப்பட்டதுதான். ஷார்ப்பும் அவரோடு எழுந்தவர்களும் அதோடு ஒரு கணக்கைச் சேர்த்தார்கள். அடிமை முறையை வைத்திருப்பதே ஆபத்து என்ற கணக்கு அது.

இன்னொரு காரணத்தையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பதில் நேர்மையாக இருக்காது. 1832-இல் வந்த தேர்தல் சீர்திருத்தச் சட்டம், முதலாளிகள் காசு கொடுத்துப் பிடித்துவைத்திருந்த தொகுதிகள் பலவற்றை ஒழித்தது. புதிய நாடாளுமன்றத்தில் அவர்களின் பலம் சரிந்தது. 1833-இல் 10 லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகளோடு மனுக்கள் வந்தன. அவற்றில் பெரும் பங்கு பெண்களுடையது. அந்த ஆகஸ்டில் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. ஆகவே நல்ல மனிதர்களுக்குப் பங்கு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் 1823-இல் அவர்களே கேட்டது படிப்படியான ஒழிப்புதான், எத்தனை பத்தாண்டு ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ஷார்ப் தூக்கிலிடப்பட்ட பதினைந்தே மாதத்தில் சட்டம் வந்துவிட்டது. 'படிப்படியாக' என்பதை 'இப்போதே' என்று மாற்றியதில் எரிந்த கரும்புத் தோட்டங்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

1848-இல் இதே கதை வேகமாக ஓடியது. பாரிஸ் ஏப்ரல் 27-இல் ஒழிப்பு ஆணையில் கையெழுத்திட்டது. அது கப்பலில் வந்துசேரும்வரை மார்த்தினிக் தீவின் அடிமைகள் காத்திருக்கவில்லை. மே 22-இல் எழுந்தார்கள், மறுநாளே ஆளுநர் விடுதலையை அறிவித்தார். ஜூலை 3-இல் டென்மார்க்கின் செயின்ட் குரோய் தீவிலும் ஆயிரக்கணக்கானோர் கோட்டை முன் திரண்டு நின்றதும் ஆளுநர் அங்கேயே விடுதலை என்று சொல்லிவிட்டார்.

இப்போது ஹைட்டி. அடிமைகளே சட்டம் எழுதும் இடத்துக்கு வந்த ஒரே நாடு. 1791-இல் அது பிரான்சின் சான் டொமிங்கு. சுமார் 5 லட்சம் அடிமைகள், வெள்ளையர்கள் 40,000-க்குள்தான். ஐரோப்பா சாப்பிட்ட சர்க்கரையில் ஏறத்தாழ 40 சதவீதம் அங்கிருந்துதான் போனது. ஆகஸ்ட் 22 இரவு வடக்குச் சமவெளியில் தொடங்கிய கலகம் இரண்டு வருடத்தில் பிரெஞ்சு அதிகாரியையே விடுதலை அறிவிக்கவைத்தது. 1794 பிப்ரவரி 4-இல் பாரிஸ் மக்களவை எல்லாப் பிரெஞ்சு காலனிகளிலும் அடிமை முறையை ஒழித்தது. அந்தத் தீவின் பிரதிநிதியாக அவையில் உட்கார்ந்திருந்தவர்களில் ழான் பாப்டிஸ்ட் பெலே என்ற முன்னாள் அடிமையும் ஒருவர். பிரெஞ்சுப் புரட்சி 'மனித உரிமை' என்று அறிவித்தது 1789-இல். அந்த மனிதருக்குள் கறுப்பரும் அடக்கம் என்று அதற்குப் புரியவைத்தது இந்தக் கலகம்.

பிரிட்டன் இந்தத் தீவைப் பிடிக்கப் படை அனுப்பி, 5 வருடம் போராடி, சண்டையிலும் மஞ்சள் காய்ச்சலிலுமாக பாதிக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்து 1798-இல் வெளியேறியது. நெப்போலியன் 1801 டிசம்பரில் மைத்துனர் லெக்லெர்க்கின் தலைமையில் பெரும் படையை அனுப்பினார். 1802 மே மாதமே காலனிகளில் அடிமை முறையைத் தொடரச் சட்டமும் போட்டார். தலைவர் துசேன் லூவர்த்யூர் சூழ்ச்சியால் பிடிக்கப்பட்டு, 1803 ஏப்ரலில் பிரான்சின் குளிர்ந்த மலைக்கோட்டைச் சிறையில் இறந்தார். துசேனின் தளபதியாக இருந்த டெஸ்ஸலின் என்பவர் தலைமையில் போர் தொடர்ந்தது. 1803 நவம்பர் 18-இல் வெர்த்தியேரில் பிரெஞ்சுப் படை தோற்றது. 1804 ஜனவரி 1-இல் ஹைட்டி பிறந்தது.

இதன் விளைவுகள் எங்கெங்கோ தெறித்தன. சர்க்கரைத் தீவு கைவிட்டுப் போகிறது என்று தெரிந்ததும், அதற்குச் சோறு போட வேண்டிய நிலமாக வைத்திருந்த லூசியானா நெப்போலியனுக்கு வீணாகப் பட்டது. 1803-இல் 1.5 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றுவிட்டார். அமெரிக்காவின் பரப்பு இரட்டிப்பானது. அந்தப் புதிய நிலத்தின் பெரும்பகுதியில் பருத்தியும் கரும்பும் விளைவிக்க மறுபடியும் அடிமைகளையே கொண்டுபோனார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. ஹைட்டி விட்ட சர்க்கரைச் சந்தையை கியூபா பிடித்தது. அங்கும் அடிமைகள்தான், 1886 வரை. 'ஸ்பெயினை எதிர்த்தால் இங்கேயும் ஒரு ஹைட்டி வந்துவிடும்' என்ற பயத்தில் கியூபா முதலாளிகள் சுதந்திரம் கேட்கவே தயங்கினார்கள். தென் அமெரிக்காவே சுதந்திரமான பிறகும் கியூபா 1898 வரை ஸ்பெயினிடம் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தென் அமெரிக்காவில் ஸ்பெயினை எதிர்த்துப் போரிட்ட சிமோன் பொலிவார் தோற்று ஓடிவந்தபோது அடைக்கலமும் ஆயுதமும் கொடுத்தவர் ஹைட்டியின் அதிபர் பெத்தியோன். போகும் இடத்தில் அடிமைகளை விடுவிக்க வேண்டும், அது ஒன்றுதான் அவர் கேட்ட விலை. 1826-இல் அதே பொலிவாரின் முயற்சியில் அமெரிக்கக் கண்டத்தின் புதிய நாடுகளைக் கூட்டி பனாமாவில் மாநாடு நடந்தது. ஹைட்டிக்கு அழைப்பு இல்லை.

வெற்றிக்கு ஹைட்டி கொடுத்த விலை தோல்விக்குக் கொடுப்பதைவிடப் பெரியது. 1804-இல் டெஸ்ஸலின் அங்கே மிஞ்சியிருந்த பிரெஞ்சு வெள்ளையர்களைப் பெரும்பாலும் கொல்லவைத்தார். அது கொடுமை; அடிமை முதலாளிகளுக்கு அடுத்த 60 வருடத்துக்குப் பேச்சுப் பொருளாகவும் ஆனது. 1825-இல் பிரான்ஸ் 14 போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தி, அங்கீகாரம் வேண்டுமானால் 15 கோடி பிராங்க் கொடு என்றது. இழந்த நிலத்துக்கும் அடிமைகளுக்கும் முன்னாள் முதலாளிகளுக்கு நஷ்டஈடு! 1838-இல் மொத்தத்தை 9 கோடியாகக் குறைத்தார்கள். முதல் தவணைக்கே பாரிஸ் வங்கிகளிடம் கடன் வாங்க வேண்டியிருந்தது. அந்தச் சுமையின் கடைசிப் பாக்கி தீர்ந்தது 1947-இல். அமெரிக்கா அங்கீகரித்தது 1862-இல், தெற்கு மாநில உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தை விட்டு வெளியேறிய பிறகுதான். இன்று ஹைட்டியின் வறுமையைக் காட்டி 'சுதந்திரம் கொடுத்தால் இப்படித்தான்' என்று பேசுகிறவர்களிடம் முதலில் இந்தத் தேதிகளைச் சொல்லுங்கள்.

உள்ளேயும் சிக்கல் இருந்தது. துசேனே விடுதலையான மக்களை ராணுவத்தை வைத்துத் தோட்டங்களிலேயே கட்டிப்போட முயன்றவர். ஆயுதம் வாங்கப் பணம் வேண்டும், பணத்துக்கு ஏற்றுமதி வேண்டும், ஏற்றுமதிக்குத் தோட்டம் வேண்டும் என்பது அவருடைய நியாயம். மக்களுக்கோ கொஞ்சம் நிலம், அதில் தங்களுக்கான பயிர், அதுதான் விடுதலை. இந்த இழுபறியில் மக்கள் பெருமளவு ஜெயித்தார்கள். தோட்டங்கள் சிறு நிலங்களாக உடைந்தன. ஆனால் படைத்தலைவர்கள் ஆளும் பழக்கம் மட்டும் போகவில்லை.

பிரிட்டன் பக்கத்திலும் நஷ்டஈடு முதலாளிகளுக்குத்தான் போனது, மொத்தம் 2 கோடி பவுண்டு. அரசின் ஒரு வருடச் செலவில் சுமார் 40 சதவீதம் அது. 1823 கலகம் தொடங்கிய சக்சஸ் தோட்டத்தின் முதலாளி ஜான் கிளாட்ஸ்டன், 2,508 அடிமைகளுக்காக ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் வாங்கினார். பின்னாளில் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டன் இவருடைய மகன். விடுதலையான கறுப்பர்கள் கூலி பேசுவார்கள் என்று தெரிந்ததும் ஜான் கிளாட்ஸ்டன் 1836-இல் கல்கத்தாவுக்குக் கடிதம் எழுதி இந்தியக் கூலிகளைக் கேட்டார். 1838 மே மாதம் இரண்டு கப்பல்கள் ஏறத்தாழ 400 பேரோடு டெமராரா போய்ச் சேர்ந்தன. பின்னாளில் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. கரீபியனில் தமிழ்ப் பெயர்கள் இருப்பது அப்படித்தான். 1833 சட்டம் கம்பெனி ஆண்ட இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருந்தது. அங்கே நாடாளுமன்றத்தைப் பயமுறுத்தும் அளவுக்கு எதுவும் எரிந்திருக்கவில்லை என்பதையும் காரணங்களில் ஒன்றாகச் சேர்ப்பேன்.

கலகத்தின் பயம் விடுதலைக்குப் பிறகும் அரசியலை ஆட்டிவைத்தது. 1865 அக்டோபரில் ஜமைக்காவின் மோரண்ட் பேயில் பால் போகிள் தலைமையில் ஏழை விவசாயிகள் நீதிமன்றத்தை முற்றுகையிட்டார்கள். ஆளுநர் எய்ர் 400-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார், போகிளையும் தூக்கிலிட்டார். அடுத்து முதலாளிகள் செய்தது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது. 200 வருடமாகத் தங்கள் சட்டசபைக்காக லண்டனோடு மல்லுக்கட்டியவர்கள், இனி அதில் கறுப்பர்கள் பெரும்பான்மையாகிவிடுவார்கள் என்று பயந்து, அந்தச் சபையைத் தாங்களே கலைத்து அதிகாரத்தை மகாராணியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். 1866-இலிருந்து ஜமைக்கா நேரடி காலனி ஆட்சியின் கீழ் வந்தது. வயது வந்த எல்லாருக்கும் வாக்குரிமை என்பது அந்தத் தீவுக்கு 1944-இல்தான் கிடைத்தது.